கைத்துப்பாக்கி வாங்கும்போது கை சொல்வதைக் கேட்கலாமா?

கேள்வி: எட்டு மாதங்களாகத் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் பயிற்சி பெற்று வருகிறேன். கழகத்தின் குளோக் 17 கைத்துப்பாக்கியில்தான் பழகினேன். போட்டிகளில் கலந்துகொள்ளும் நோக்கத்தோடு, உரிமம் பெற்றுச் சொந்தமாக ஒன்று வாங்க இருக்கிறேன். உடன் பயில்பவர்களில் பாதிப் பேர் குளோக்கைத் தவிர வேறெதையும் பார்க்காதே என்கிறார்கள். மீதிப் பேர் சிக் சாவர் பி320 என்கிறார்கள். எனக்கோ ஒரு நாள் கடையில் கையில் எடுத்துப் பார்த்த சிஇசட் 75 தான் மனத்தில் நிற்கிறது. ஆனால் பிறகு இரவல் வாங்கி அதில் சுட்ட ஐம்பது தோட்டாக்களும் குளோக்கில் சுடுவதைவிடச் சிதறியே விழுந்தன. எனக்கு விரல்கள் சற்றுக் குட்டை. ‘பிடித்திருக்கிறது’ என்ற ஒரே காரணத்துக்காக ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது சிறுபிள்ளைத்தனமா?

— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

சிறுபிள்ளைத்தனம் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுடுதளத்தில் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்கிறேன். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் மூன்றில் எதையும் ஒரு தாங்கியில் இறுக்கிப் பொருத்தி 25 மீட்டரில் சுட்டால் அவற்றுக்கிடையே தெரியும் வேறுபாடு, அவற்றைப் பிடிக்கும் நம் கை உண்டாக்கும் வேறுபாட்டின் முன்னால் ஒரு பொருட்டே அல்ல. மூன்றும் சுடுவது ஒரே 9×19 மி.மீ. தோட்டா. மூன்றிலும் குழலும், அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும் முறை, சுட்டவுடன் குழலின் பின்பகுதி சாய்ந்து கீழிறங்கி விடுபடும்படி அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வகுத்த ஏற்பாட்டின் வழிவந்ததுதான். இயந்திரத்தின் தரம் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது, எதை உங்கள் கை விரும்பி ஏற்கிறது என்பது புறக்கணிக்கக் கூடாத சான்று. ஆனால் சான்று என்றால் அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கவும் வேண்டும். ஒரு துப்பாக்கி நமக்குப் பிடித்துப்போவது சில சமயம் காதால், சில சமயம் பழக்கத்தால், சில சமயம் உண்மையாகவே கையால். உங்கள் கடிதத்தில் மூன்றும் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

காதால் வந்ததை முதலில் ஒதுக்கிவைத்துவிடலாம். குளோக்குக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததில்லை. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் அதைப் பி80 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டபோது, பாலிமர் சட்டகமும், வெளியே தனிப் பாதுகாப்பு நெம்பு இல்லாத அமைப்பும், சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையின் நடுவிலேயே பொருத்தப்பட்ட சிறு நாக்கும் பலருக்கு ஐயத்தைத்தான் தந்தன. ஆண்டுகள் செல்லச்செல்ல, குறைந்த பராமரிப்பிலும் அது ஓடும் என்பது நிலைபெற்றது. பி320-இன் ஆதரவாளர்கள், 2017-இல் அமெரிக்க ராணுவம் அதன் வடிவமொன்றை எம்17 என்று தேர்ந்தெடுத்ததைச் சொல்லியிருப்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் ராணுவம் தேர்ந்தெடுப்பது ஆயிரக்கணக்கான கைகளுக்கு. உங்கள் ஒரு கைக்கு அன்று. 1980-களின் நடுவில் அதே ராணுவம் நடத்திய தேர்வில் பெரெட்டா 92-உம் சிக் சாவர் பி226-உம் தொழில்நுட்பச் சோதனைகளைக் கடந்து நின்றன. கடைசியில் உதிரி பாகங்கள் உள்ளிட்ட மொத்த விலைதான் பெரெட்டாவை எம்9 ஆக்கியது. தோற்ற பி226 அதனால் மட்டமான துப்பாக்கி ஆகிவிடவில்லை. ஆகவே ‘ராணுவமே வைத்திருக்கிறது’ என்ற வாதத்துக்கு மரியாதை கொடுங்கள். அதற்கு மேல் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

பழக்கத்தால் வருவது இதைவிட நுட்பமானது. உங்கள் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். குளோக்கின் பிடி, குழலோடு சேரும் இடத்தில் மற்றப் பலவற்றைவிடச் சற்று அதிகமாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். எட்டு மாதங்களாக அதையே உயர்த்தி உயர்த்திக் குறிபார்த்த உங்கள் மணிக்கட்டு, அந்தச் சாய்வுக்கு ஏற்பத் தன்னைப் பூட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டது. இதை நீங்களே பார்க்கலாம். துப்பாக்கி காலியாக இருப்பதை, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்து, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை சரிபார்த்த பிறகு, சுடுதளத்தில் பயிற்சியாளர் அருகிலிருக்க, குழலைத் தடுப்புமேட்டை நோக்கியே வைத்து நில்லுங்கள். இலக்கை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். பிறகு கண்களைத் திறவுங்கள். முன்முனையில் நிற்கும் குறிமுள் பின்பக்கக் குறிப்பள்ளத்தின் நடுவே சமமட்டத்தில் நின்றால், கை அந்தத் துப்பாக்கியை அறிந்திருக்கிறது என்று பொருள். குளோக்கில் உங்களுக்கு அநேகமாக அப்படித்தான் நிற்கும். சிஇசட் 75-இல் குறிமுள் பள்ளத்துக்குள் புதைந்து கீழே போயிருக்கும். எஃகுப் பிடிகளில் பல்லாண்டு பழகிய நான் முதன்முதலாகக் குளோக்கை உயர்த்தியபோது எனக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. குறிமுள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த மணிக்கட்டுப் பழக்கம் மாற இரண்டு மாதங்கள் ஆயின.

ஆகவே ஐம்பது தோட்டாக்களை வைத்து சிஇசட் உங்களுக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டாதீர்கள். எட்டு மாதப் பழக்கத்தையும் ஒரு நாள் அறிமுகத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டிருக்கிறீர்கள்.

இனி, கையால் வந்தது. சிஇசட் 75-ஐ எடுத்த மாத்திரத்தில் பிடித்துப்போனது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் யோசெஃப், ஃபிரான்டிஷெக் கௌட்ஸ்கி சகோதரர்கள் 1975-இல் வடிவமைத்த அந்தப் பிடியில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டைக்கு நேர் கீழே ஆழமான ஒரு வளைவு இருக்கிறது. கை அதில் உயரப் போய் அமர்ந்துகொள்கிறது. பெரும்பாலான துப்பாக்கிகளில் ஸ்லைடு சட்டகத்தின் மேல் வெளிப்புறமாகக் கவிந்து ஓடும். இதில் சட்டகத்துக்கு உள்ளே ஓடுகிறது. கைக்கு நெருக்கமாக ஸ்லைடு தாழ்ந்திருப்பதோடு, துப்பாக்கி முழுவதும் எஃகாக ஏறத்தாழ 1 கிலோ எடை இருப்பதும் சேர்ந்து, சுட்டபின் முனை மேலே துள்ளுவது குறைகிறது. மேகசின் இல்லாத குளோக் 17-இன் எடை ஏறத்தாழ 630 கிராம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டின் பின்னுதைப்பும் ஏன் வெவ்வேறாகத் தோன்றுகின்றன என்பது விளங்கும். உங்கள் கை சொன்னது பொய்யில்லை.

ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி. கடையில் சிஇசட்டை எடுத்துப் பார்த்தபோது, பின்முனையில் சுடுஊசியை அடிக்கும் சுத்தியல் எந்த நிலையில் இருந்தது? பின்னால் இழுத்து நிறுத்தப்பட்டிருந்ததா, முன்னால் படிந்திருந்ததா? இதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பத்தில் எட்டுப் பேர் கவனிப்பதில்லை. உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கிறது. குளோக்கிலும் பி320-இலும் ஒவ்வொரு சூட்டுக்கும் விசை ஒரே இடத்திலிருந்து, ஒரே அளவு அழுத்தத்தில் இயங்கும். சிஇசட் 75 அப்படியில்லை. சுத்தியல் படிந்திருக்கும் டபுள் ஆக்‌ஷன் நிலையில் விசை வெகுவாக முன்தள்ளி நிற்கும். முதல் சூட்டுக்கு அந்த நீண்ட, கனமான இழுப்பு முழுவதையும் விரல் செய்ய வேண்டும். சுட்டவுடன் ஸ்லைடு சுத்தியலைத் தானே பின்னிழுத்து வைத்துவிடுவதால், இரண்டாவது சூட்டிலிருந்து விசை பின்னுக்கு வந்து, இலேசாகி, சிங்கிள் ஆக்‌ஷன் ஆகிவிடும். கடையில் சுத்தியல் பின்னிழுத்த நிலையில் உங்களிடம் கொடுக்கப்பட்டிருந்தால், குட்டை விரலுக்கும் எட்டும் தூரத்தில்தான் விசை இருந்திருக்கும். உங்களுக்குப் பிடித்துப்போனது அந்தத் துப்பாக்கியின் பாதி மட்டுமே என்று ஆகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற ஒரு பெண்ணின் இலக்குத் தாள் இன்னும் என் கண்முன் நிற்கிறது. ஐந்து ஐந்தாகச் சுடுவார். நான்கு துளைகள் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடும் அளவுக்கு நெருங்கியிருக்கும். மீதி ஒன்று, உள்ளங்கை அகலத்துக்குக் கீழே இடப்பக்கமாகத் தனியே கிடக்கும். வலக்கைக்காரரான அவர் பதற்றத்தால் விசையை வெடுக்கென்று இழுக்கிறார் என்று நானும் நினைத்து, மூச்சு, நிற்கும் நிலை என்று ஒரு மாதம் திருத்திக்கொண்டே இருந்தேன். ஒருநாள் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் குனிந்து விரலை மட்டும் பார்த்தேன். முதல் சூட்டுக்கு விசை எட்டாததால், பிடியை உள்ளங்கைக்குள் ஒரு சுற்றுத் திருப்பி வைத்துக்கொண்டு, நகத்தின் ஓரத்தால் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். விலகிக் கிடந்த அந்தத் துளை எப்போதும் முதல் தோட்டாவினுடையது. குறை அவரிடம் இல்லை, துப்பாக்கியிலும் இல்லை. அந்த விரலும் அந்த விசையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தவை அல்ல. ஒரு மாதம் வீணாகத் திருத்தியது என் தவறு. அதிலிருந்து, புதிதாக வருபவர்களின் தாளைப் பார்ப்பதற்கு முன் விரலைப் பார்க்கிறேன்.

உங்கள் விரலை நீங்கள் இப்படிப் பார்க்கலாம். காலியாக்கிச் சரிபார்த்த துப்பாக்கியில், கைக்கவட்டையைப் பிடியின் பின்புறம் மேலே ஒட்டி வைத்து, முன்கை எலும்பும் குழலும் ஒரே கோட்டில் வருமாறு பிடியுங்கள். அந்தக் கோடு கலையாமல் ஆள்காட்டி விரலை விசையில் வையுங்கள். நுனிக்கும் முதல் கணுவுக்கும் நடுவேயுள்ள சதைப்பகுதி விசையின் மேல் படிந்தால் அளவு சரி. நுனி மட்டுமே தொட்டால், உங்களை அறியாமலே பிடியைத் திருப்பத் தொடங்குவீர்கள். சிஇசட்டில் இதைச் சுத்தியல் படிந்த நிலையில் செய்ய வேண்டும் என்பதை மறவாதீர்கள். பின்னிழுத்த நிலையில் செய்து பார்த்து மனம் மகிழ்ந்துவிடாதீர்கள்.

போட்டிகளில் கலந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதால் இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஐபிஎஸ்சி (பன்னாட்டு நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு) போட்டிகளில், பெரிதும் மாற்றியமைக்காத துப்பாக்கிகளுக்கான புரொடக்‌ஷன் பிரிவில், வெளிச்சுத்தியல் உள்ள கைத்துப்பாக்கி தொடக்கச் சமிக்ஞையின்போது சுத்தியல் முழுவதும் இறக்கப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தின் முதல் சூடும் டபுள் ஆக்‌ஷனில்தான் தொடங்கும். வழக்கமான சிஇசட் 75-இல் பாதுகாப்பு நெம்பு உண்டே தவிர, சுத்தியலைத் தானாக இறக்கும் டீகாக்கர் கிடையாது. தோட்டா அறைக்குள் இருக்கும்போதே, விசையை அழுத்தியவாறு கட்டைவிரலால் சுத்தியலைத் தாங்கி மெல்ல இறக்க வேண்டும். வியர்த்த கையில் அந்தக் கட்டைவிரல் வழுக்கினால் துப்பாக்கி வெடித்துவிடும். குழல் தடுப்புமேட்டை நோக்கி இருந்தால் ஆளுக்கு ஆபத்தில்லை. போட்டியிலிருந்து மட்டும் வெளியேற்றிவிடுவார்கள். பயிற்சி முதிராதவர்கள் இதைத் தனியாகச் செய்வதை நான் அனுமதிப்பதில்லை. இதே துப்பாக்கியின் ‘பி.டி.’ (BD) என்ற பெயர்கொண்ட வகையில் டீகாக்கர் உண்டு. உங்கள் நிலையில் இருப்பவருக்கு அதுவே ஏற்றது.

ஸ்லைடை இழுப்பதையும் பார்த்துவிடுங்கள். சட்டகத்துக்குள் ஓடும் ஸ்லைடு என்று புகழ்ந்தேனே, அதற்கு ஒரு விலையும் உண்டு: விரலால் பற்றிக்கொள்ள வெளியே தெரியும் பரப்பு குறைவு. கடையில் காய்ந்த கையால் ஒருமுறை இழுப்பது எளிது. ஐம்பது தோட்டா சுட்டுக் கை களைத்து, விரலில் எண்ணெய்ப் பசை ஏறிய பிறகு பத்துமுறை இழுத்துப் பாருங்கள்.

பி320-ஐ உங்கள் நண்பர்கள் சொன்ன காரணத்துக்காக அல்லாமல், வேறொரு காரணத்துக்காக நீங்கள் பார்க்க வேண்டும். விசையும் அதன் உட்பொறியும் சேர்ந்த ஒரு சிறு தொகுதிதான் அந்தத் துப்பாக்கியின் உயிர். பதிவெண் அதன்மேல்தான் பொறிக்கப்படுகிறது. அதைக் கழற்றிச் சிறியது, நடுத்தரம், பெரியது எனக் கிடைக்கும் வெளிப்பிடிகளில் எதில் வேண்டுமானாலும் பொருத்தலாம். குட்டை விரல்களுக்கு இது பெரிய வசதி. பழையதாக வாங்க நேர்ந்தால், 2017-இல் அந்த நிறுவனம் விசைப் பகுதிக்காக அறிவித்த இலவச மேம்பாடு அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கியில் செய்யப்பட்டிருக்கிறதா என்று பதிவெண்ணைக் கொண்டு உறுதிசெய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். குளோக்கிலும் 2010-இல் வந்த நான்காம் தலைமுறை முதல், பிடியின் பின்புறத்தில் தகடுகளை மாற்றிப் பொருத்தி அளவைக் கூட்டலாம். கழகத் துப்பாக்கியில் ஏதேனும் தகடு மாட்டப்பட்டிருந்தால் அதை அகற்றிவிட்டு ஒருமுறை சுட்டுப் பாருங்கள். குளோக்கின்மேல் உங்களுக்குள்ள மனக்குறை அந்தத் தகட்டோடு போய்விடவும் கூடும்.

நிறம், மேற்பூச்சு, மேகசினில் ஒன்றிரண்டு தோட்டா கூடக்குறைய இருப்பது ஆகியவற்றுக்காக ஒரு நிமிடமும் செலவிட வேண்டாம். உதிரி பாகங்கள், மேகசின், இடுப்புறை ஆகியவை எளிதில் கிடைப்பதில் குளோக்குக்கு நிகரில்லை என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தோட்டாவின்றி விசைப் பயிற்சி செய்வதில் சிஇசட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. குளோக்கில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஸ்லைடை மறுபடி இழுத்தாக வேண்டும். டபுள் ஆக்‌ஷனில் சிஇசட்டின் விசையைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே போகலாம். வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டா போட்டுச் செய்யுங்கள், சுடுஊசிக்கு நல்லது. உண்மைத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். சிஇசட் 75-ஐ இன்னும் மூன்று நாட்களுக்கு இரவலோ வாடகையோ பெற்று, ஒரே நாளில் சுட்டுத் தீர்க்காமல், வெவ்வேறு நாட்களில் எழுபது எழுபதாகச் சுடுங்கள். 10 மீட்டர் போதும். ஒவ்வொரு நாளும் குளோக்கைத் தொடுவதற்கு முன்னால் சிஇசட்டைச் சுடுங்கள். இல்லாவிட்டால் மணிக்கட்டு பழைய பூட்டுக்குள் போய்விடும். ஐந்து தோட்டாக்களுக்கு ஒரு தாள் வையுங்கள். ஒவ்வொரு தாளிலும் முதல் தோட்டா சுத்தியல் இறக்கிய நிலையிலிருந்து போகட்டும். சுத்தியலை இறக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கட்டும். முதல் துளையைச் சுற்றி உடனே பேனாவால் வட்டமிடுங்கள். கடைசி நாளில் பயிற்சியாளரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் மேகசினில் ஓரிரு டம்மி தோட்டாக்களைக் கலக்கச் செய்யுங்கள். வெடிக்காத அந்தக் கணத்தில் முனை அசையாமல் நிற்கிறதா, பின்னுதைப்பை எதிர்பார்த்துக் கீழே அமுங்குகிறதா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். அமுங்கினால் அது உங்கள் பயிற்சிக் குறை. எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் கூடவே வரும், அதற்காகத் துப்பாக்கியை மாற்ற வேண்டாம்.

வட்டமிட்ட துளைகள் நாளுக்கு நாள் மற்றவற்றை நெருங்கி வந்தால், கூச்சமின்றி டீகாக்கர் உள்ள சிஇசட்டை வாங்கிவிடுங்கள். யார் என்ன சொன்னாலும் கவலை வேண்டாம். விரும்பி எடுக்கும் துப்பாக்கியோடுதான் வாரம் தவறாமல் சுடுதளத்துக்குப் போவோம். மூன்றாம் நாளும் வட்டங்கள் அதே கீழ் இடப்பக்கத்தில் தனித்துக் கிடந்தால், அந்த விசை உங்கள் விரலுக்கானது இல்லை. அப்போதும் குளோக்குக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சிஇசட் நிறுவனமே 2017-இல் வெளியிட்ட பி-10 சி, வெளிச்சுத்தியல் இல்லாதது. எல்லாச் சூட்டுக்கும் விசை ஒரே தூரத்தில் இருக்கும். பின்பிடித் தகடுகளும் மாற்றலாம். அதையும் சிறிய வெளிப்பிடி போட்ட பி320-ஐயும் அடுத்தடுத்து, முன்பு சொன்ன கண்மூடிச் சோதனையோடு பாருங்கள்.

தாள்களைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்தி வையுங்கள். சோதனை முடிந்த பிறகும் முடிவெடுக்க இயலவில்லை என்றால், முதல் நாள் தாளையும் மூன்றாம் நாள் தாளையும் படமெடுத்து, உங்கள் கை பிடியில் அமர்ந்திருக்கும் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தப் படத்தில் துப்பாக்கி காலியாக, ஸ்லைடு பின்னால் பூட்டிய நிலையில் இருக்கட்டும். விரலைச் சட்டகத்தின் பக்கவாட்டில் நீட்டி வைத்திருங்கள். விசை எட்டுமா எட்டாதா என்பதை அதிலிருந்தே என்னால் ஓரளவு சொல்ல முடியும்.